தட்டினால் வேகம்

திருவிடந்தையில் ஜெரோமின் மெக்கானிக் ஷெட்டுக்கு அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் மத்தியானம் வந்து நின்றது. பழைய வண்டி. இரண்டே இருக்கைகள். எஞ்சின் அவற்றின் முதுகுக்குப் பின்னால். அதற்கும் பின்னால், ஓர் ஆள் சுருண்டு படுக்கிற அளவுக்கு டிக்கி.

"எப்பயாவது தட்டுது," என்றார் சொந்தக்காரர் ஹரிகிருஷ்ணன். "காட்டலாம்னு ஓட்டினா சத்தம் வரமாட்டேங்குது."

விட்டுவிட்டு வரும் சத்தத்தைப் பிடிக்க ஜெரோமும் அவன் மனைவியின் தம்பி ஜோஷ்வாவும் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒருவன் ஓட்டுவான். மற்றவன் டிக்கிக்குள் படுத்து, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இரும்பில் ஊன்றி, பிடியில் காதை வைப்பான். சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து தட்டுவான். தட்டினால் ஓட்டுகிறவன் வேகத்தைக் கூட்ட வேண்டும். வேகத்தோடு சத்தமும் கூடினால் கோளாறு எஞ்சினில்.

நிறுத்தச் சொல்லத் தனியாக ஒரு தட்டு வேண்டும் என்று இருவருக்கும் தோன்றியதில்லை. அதற்கு செல்போன் இருந்தது. இன்று ஜெரோமுடையது ஷெட்டில் சார்ஜில் கிடந்தது.

"தொப்பையக் கழட்டி வெச்சிட்டுப் படு மச்சான், மூடி சாத்தாது," என்றான் ஜோஷ்வா.

"மூட்றா, பெரிய இவன்."

மூடி விழுந்தது.

பெட்ரோலும் சூடான ரப்பரும் கலந்த நாற்றம். அதற்கு அடியில், நெடுநாள் குளிக்காத உடம்பின் வாடை. கார் ஈசிஆர் சாலையில் ஏறி மாமல்லபுரம் பக்கம் திரும்பியதை ஜெரோம் உடம்பால் உணர்ந்தான். காதில் எஞ்சின் சீராக ஓடியது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

டக். டக்.

பேரிங் என்று நினைத்தான். மூடியில் தட்டினான். கார் வேகமெடுத்தது. எஞ்சின் இரைந்தது. அந்தச் சத்தம் மட்டும் வேகமாகவில்லை. நிதானமாக, யோசித்து யோசித்துத் தட்டுவதுபோல வந்தது.

ஸ்க்ரூ டிரைவரை இரும்பிலிருந்து எடுத்தான்.

டக். டக்.

அது எஞ்சின் பக்கமிருந்து வரவில்லை. அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அங்கே கைநுழைய இடமில்லை.

பிடரியில் ஒரு மூச்சு பட்டது.

"நகரு."

ஜெரோம் இரண்டு கைகளாலும் மூடியை அடித்தான். கார் பாய்ந்தது. காலால் உதைத்தான். இன்னும் பாய்ந்தது. "நிறுத்துடா ஜோஷ்வா" என்று தொண்டை கிழியக் கத்தினான். இருவருக்கும் நடுவில் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. தட்டத் தட்ட வண்டி பறந்தது. அடிப்பதை நிறுத்தினால்தான் வேகம் குறையும். அது தெரிந்தும் அவன் கைகள் நிற்கவில்லை.

ஈரமான ஏதோ ஒன்று அவன் மேல் ஏறி, அவனை இரும்போடு அழுத்திக்கொண்டு முன்னே நகர்ந்தது.

அவன் கைகள் ஓய்ந்தன. கை கால் எதுவும் அசையவில்லை.

கார் மெல்ல ஓரங்கட்டி நின்றது. காலடிச் சத்தம். மூடி திறந்து வெயில் கண்ணைக் குத்தியது. ஜெரோம் வாயைத் திறந்தான். குரல் எழவில்லை.

வெளிச்சத்துக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு முதுகு எழுந்தது. அவனுடைய காக்கிச் சட்டை. அவனுடைய வழுக்கை.

"இன்னா மச்சான், வேர்வைல குளிச்சிகினு வர்றே," என்று ஜோஷ்வா கைகொடுத்து அதை வெளியே தூக்கினான். ஒரு நொடி டிக்கிக்குள் பார்த்தான். ஜெரோமின் கண்களையே பார்த்தான். காலி இடத்தைப் பார்ப்பதுபோல.

மூடி விழுந்தது.

"இன்னா சத்தம்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது." ஜெரோமின் குரல்தான் அது. "வூட்டுக்குப் போலாம் வா. உங்கக்கா பாத்துகினு இருப்பா."

கதவுகள் சாத்தப்பட்டன. எஞ்சின் உயிர்பெற்றதும் ஜெரோமின் விரல்களில் மறுபடி அசைவு வந்தது. அவன் தட்டினான். உள்ளங்கை பிளக்கத் தட்டினான்.

முன்னாலிருந்து, எங்கோ தூரத்தில் பேசுவதுபோல ஜோஷ்வாவின் குரல் கேட்டது.

"மறுபடி வருது பாரு மச்சான்."

ஜெரோமின் குரல் பதில் சொன்னது.

"எனக்கு ஒண்ணியும் கேக்கலியே. நீ ஓட்டு."