முழு ஏக்கமும் என் பக்கம்

செல்வினுக்குக் குடிக்கத் தோன்றும்போதெல்லாம் பாக்கியமணிக்கு நாக்கு வறண்டது. வாழ்க்கையில் ஒரு சொட்டு தொட்டுப் பார்க்காதவள் அவள். ஆனாலும் கால் மதுக்கடைப் பக்கம் இழுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, “வாடா வா, இன்னும் அனுப்பு,” என்பாள்.

பகிர்வளையம் வந்தபின் குடியை விட யாரும் தனியாகப் போராடுவதில்லை. காதுக்குப் பின்னால் நகமளவு ஏக்கச்சில்லு. ஒருவனுக்கு எழும் ஏக்கத்தை அது வளையத்திலிருக்கும் ஐந்து பேருக்கும் பங்கு போட்டுவிடும். குடிக்காதவர்களும் தாங்கிகளாகச் சேரலாம். அடேயப்பா, என்ன நல்ல மனசு என்று பாராட்டுவார்களே தவிர, ஏன் சேர்கிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை.

கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். குடித்துவிட்டுத் தண்ணீர் லாரியை ஓட்டி, பாக்கியமணியின் புருஷன்மேல் ஏற்றியவன் இந்தச் செல்வின்தான். கோர்ட் அவனைச் சிறைக்கு அனுப்பாமல் வளையத்துக்கு அனுப்பியது. ஒரே ஒரு முறை குடித்தாலும் பத்து வருஷம் உள்ளே. வழக்கு நடந்தபோது அவள் படுத்த படுக்கை. அதனால் இவள் முகம் அவனுக்குத் தெரியாது.

அவன் வளையத்துக்கே தாங்கியாக வந்தவள் ஒரு பங்கோடு நிற்கவில்லை. அவன் ஏக்கம் முழுவதையும் தன் பக்கம் திருப்பச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் செல்வின் உருகிப்போவான்.

“அக்கா, ஒங்க புண்ணியத்துல அந்த நெனப்பே வர மாட்டேங்கு. கொஞ்சத்தையாவது நானும் தாங்குதேனே?”

“எதுக்குய்யா? நான் இருக்கேன்லா.”

பாவி, தாங்குவதற்கு நீ பழகவே கூடாது. அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஒரு வருஷம் கழித்து அவனுக்குக் கல்யாணம். பந்தலுக்குப் பின்னால் கூட்டாளிகள் பாட்டிலைத் திறக்கும்வரை காத்திருந்து, பாக்கியமணி தன் சில்லைப் பிடுங்கி எறிந்தாள். மொத்தமும் அவன் தலையில் இறங்கியது. மாலையும் கழுத்துமாகப் பின்பக்கம் ஓடினான். முதல் மிடற்றிலேயே அவன் சில்லு காட்டிக்கொடுத்துவிட்டது. போலீஸ் அவனை வண்டியில் ஏற்றியதை அவள் கண்குளிரப் பார்த்தாள். அப்பாடா!

மறுநாளும் நாக்கு வறண்டது. அதற்கடுத்த நாளும். பதறிப்போய் வளைய மையத்துக்கு ஓடினாள்.

“சில்லு இல்லன்னாலும், ஒரு வருஷம் ஏங்குன மூளை தானா ஏங்கக் கத்துக்கிடும்மா,” என்றாள் அங்கிருந்த பொறியாளர் நசீமா. “இவ்வளவையும் எப்படித் தாங்குனீங்க?”

“ஒரு வைராக்கியம் இருந்துச்சி.”

“இப்போ?”

அந்த வைராக்கியம்தான் போலீஸ் வண்டியோடு போய்விட்டதே. காலையில் மதுக்கடை வாசல்வரை போய்த் திரும்பியிருந்தாள்.

“நீங்களும் வளையத்துலதான் சேரணும். நீங்க சில்லைப் பிடுங்குன அன்னைக்கே எல்லார்கிட்டயும் கேட்டுப் பாத்தோம். ஆனா நீங்க செஞ்சது தெரிஞ்சதும் பழைய ஆளுங்க மாட்டேன்னுட்டாங்க. புது ஆளுங்க மூளை ஒத்துப்போக மாசக்கணக்காகும்.” நசீமா திரையைப் பார்த்தாள். “ஒருத்தர் மட்டும் சம்மதிச்சிருக்கார், ஜெயில்ல இருந்து. ஒங்க ஏக்கம் முழுசையும் தன் பக்கம் திருப்பிவிடச் சொல்லுதார். அக்காவுக்கு ஒரு பங்குகூட வேண்டாமாம்.”

அப்படித் தாங்குவதன் அர்த்தம் பாக்கியமணிக்குத் தெரியாதா? “ஐயோ, அவன் வேண்டாம்!” என்று அலறினாள்.

“அப்போ தனியாத் தாங்குதீங்களா?”

நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பாக்கியமணி கூந்தலை ஒதுக்கிக் காதைக் காட்டினாள்.