நாலாவது பிளக்

அவர்கள் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. வானம் கறுத்து மூடியிருந்தது, ஆனால் மழை இன்னும் இறங்கவில்லை. மெக்கானிக் ஒரு தோளில் கருவிப் பையும் இன்னொரு கையில் புது பேட்டரியுமாக வாசலில் நின்றார். அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கையைக் கட்டியவன், கையை வீசிக்கொண்டு முன்னால் போய் மணியை அழுத்தினான்.

"பேட்டரிய நீ தூக்கக் கூடாதாடா?"

"இடுப்பு பிடிச்சிருக்கு சகல. வேணும்னா உங்க கொழுந்தியாவக் கேட்டுப் பாருங்க."

"அவளக் கேட்டா வேற கதை சொல்லுவா."

மரச்சாமான்களை ஏற்றி இறக்கும் தொழில் சகலைக்கு. ஒவ்வொரு தடவையும் வாடகை வண்டிக்குக் காத்துக் கிடந்து சலித்துப்போய், ஒரு பழைய பிக்கப் வண்டியைப் பார்த்த மாத்திரத்தில் பேசி முடித்துவிட்டான். அது ஸ்டார்ட் ஆகாது என்பதை முடித்த பிறகுதான் கவனித்தான். "பிளக் மட்டும் மாத்தினா போதுமாம் சகல" என்று வந்து நின்றான். மெக்கானிக்கின் விடுமுறை நாள் அதோடு போயிற்று.

கதவைத் திறந்த பெண்மணிக்கு ஐம்பது வயது இருக்கும். வண்டி அவளுடைய கணவருடையது. அவர் இறந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. அதிகம் பேசாமல் வீட்டைச் சுற்றி அவர்களைப் பின்பக்கம் கூட்டிப் போனாள். அங்கே நீளமான தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. ஜன்னல் கிடையாது. முன்னால் ஒரே ஒரு இரும்பு ஷட்டர், மேலே சுருட்டி ஏற்றப்பட்டிருந்தது. சிமெண்ட் தரை ஆரம்பிக்கும் இடத்தில் அவள் நின்றுவிட்டாள். ஒரு அடி கூட உள்ளே வைக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன்" என்றாள். "ஷட்டர இறக்கிடாதீங்க."

"மழை வந்தா?" என்றான் சகலை.

"நனைஞ்சா நனையட்டும்."

சொல்லிவிட்டு, பின்னால் யாரோ கூப்பிடப் போகிறார்கள் என்பது போல வேகமாக வீட்டுக்குள் போய்விட்டாள்.

கொட்டகைக்குள் எலிப்புழுக்கையும் காய்ந்த ஆயிலும் நாறின. அது மெக்கானிக்குக்குப் பழகிய நாற்றம். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. எரிந்த பெட்ரோல் புகை. இப்போதுதான் யாரோ இஞ்சினை அணைத்துவிட்டுப் போன மாதிரி கண்ணைக் கரித்தது. அவர் குனிந்து சைலன்சரைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது.

"இத யாராவது ஓட்டிப் பாத்தாங்களா?"

"பேட்டரியே இல்லாத வண்டிய எப்படி ஓட்டறது சகல?"

அதுவும் சரிதான். பேட்டரியைத் தரையில் வைத்துவிட்டு பானெட்டைத் தூக்கி முட்டுக் கொடுத்தார். இஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் நாலு பிளக்குகள். மூன்று கைக்கு எட்டும் இடத்தில் இருந்தன. நாலாவது பின்னால், இஞ்சினுக்கும் கேபின் தகரத்துக்கும் நடுவே இருட்டுக்குள் பதுங்கியிருந்தது.

துருப்பிடித்து இறுகிய பிளக்கிடம் பலம் செல்லாது. முரட்டுத்தனமாகத் திருகினால் பாதியில் முறிந்து, மிச்சம் உள்ளேயே தங்கிவிடும். அப்புறம் இஞ்சின் தலையையே கழற்ற வேண்டியதுதான். துரு இளக்கும் எண்ணெயை விட்டு, ஊறும்வரை காத்திருந்து, கொஞ்சம் திருகி, அதைவிடக் கொஞ்சம் பின்னால் திருப்பி, மறுபடி எண்ணெய் விட வேண்டும். மெக்கானிக் அந்த வேலைக்கென்றே பிறந்தவர். 'ஊறுற வரைக்கும் இருன்னு என்னையும் ஒரு ஓரமா உக்கார வெச்சிருவாரு' என்று அவர் மனைவி எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

முதல் பிளக்குக்கு எண்ணெய் விட்டபோது மழை கொட்டத் தொடங்கியது. தகரக் கூரையில் கல்லை வாரி இறைத்த மாதிரி சத்தம். சாரல் பாய்ந்து கருவிகள் எல்லாம் நனைந்தன.

"பாதி மட்டும் இறக்கறேன் சகல."

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"பாதிதானே!"

கொக்கிக் கம்பியை மாட்டி அவன் இழுத்தான். ஷட்டர் பாதியில் நிற்கவில்லை. அவன் கையை உதறிக்கொண்டு, கொட்டகையே அதிர்கிற மாதிரி தரையில் வந்து விழுந்தது.

இரண்டு பேரும் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள். மயிரிழை கூட அசையவில்லை. தட்டினார்கள், கத்தினார்கள். மழைச் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கியது. போனில் சிக்னல் இல்லை.

"ஸ்பிரிங் அறுந்திருக்கும்" என்றார் மெக்கானிக். "மழை விடட்டும். அதுக்குள்ள நம்ம வேலைய முடிப்போம்."

கூரையிலிருந்து தொங்கிய ஒற்றை பல்பின் கீழே திரும்பி வந்து குனிந்தார். ஈரத்துக்குப் பயந்து சகலை வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

முதல் பிளக் முனகிக்கொண்டே கழன்று வந்தது. கரி படிந்து கறுத்திருந்தது.

அது இருந்த துளையிலிருந்து ஒரு காற்று எழும்பி அவர் கன்னத்தைத் தொட்டது. வெதுவெதுப்பான காற்று.

அடைபட்ட காற்று என்று நினைத்துக்கொண்டார். இரண்டாவது கழன்றபோதும் அப்படித்தான். மூன்றாவதில் காற்று மட்டும் வரவில்லை, மெல்லிய சத்தமும் வந்தது. வெகு நேரம் மூச்சை அடக்கியிருந்தவர் விடுகிற மாதிரி.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு டார்ச்சை நாலாவது பிளக்கின் பக்கம் திருப்பினார்.

அதன் மேல் ஏற்கனவே ஒரு ஸ்பானர் மாட்டியிருந்தது.

கைப்பிடி துருவேறிப்போயிருந்தது. பிளக்கின் வயர் உருவப்பட்டு ஓரமாகத் தொங்கியது. யாரோ இந்த வேலையை இதே இடத்தில் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள்.

"டேய், இத யாரு கழட்டப் பாத்தது?"

பானெட்டுக்குக் கீழே இருந்த இடைவெளியில் சகலையின் முகம் தெரிந்தது.

"அவருதான் சகல. அந்தம்மாவோட வீட்டுக்காரரு."

"அவரு நெஞ்சு வலியில போனாருன்னு சொன்னியே?"

"அப்படிச் சொன்னாத்தான் நீங்க வருவீங்க. அவரு இங்கதான் போனாராம். பிளக் இளகலன்னு இஞ்சின கொஞ்ச நேரம் ஓட விட்டிருக்காரு, சூட்டுல இளகும்னு. அன்னிக்கும் மழையாம். சாரல் அடிக்குதுன்னு ஷட்டர..."

மெக்கானிக் மூடிக் கிடந்த ஷட்டரைத் திரும்பிப் பார்த்தார்.

சூட்டில் இளக்கும் வழி மெக்கானிக்குக்கும் தெரியும். அடைத்த கொட்டகைக்குள் இஞ்சின் ஓடினால் அந்தப் புகை என்ன செய்யும் என்பதும் தெரியும். முதலில் தலைவலி. அப்புறம் தூக்கம்.

அப்போதுதான் சத்தம் கேட்டது.

புஸ்... புஸ்... புஸ்...

கழற்றிய மூன்று துளைகளிலிருந்தும் மாறி மாறிக் காற்று வந்தது. பிளக் இல்லாத இஞ்சினைச் சுற்றினால் அப்படித்தான் வரும். ஆனால் சுற்றுவதற்கு பேட்டரி வேண்டும்.

பேட்டரி அவர் காலடியில் தரையில் இருந்தது.

"டேய், சாவியத் திருப்பினியா?"

"சாவி உங்க சட்டப் பையிலதான் இருக்கு சகல."

குரல் குழறியது. "தூக்கமா வருது."

"தூங்காத! கீழ இறங்கு! கதவத் திற!"

கைப்பிடியை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு தோளால் இடிக்கும் சத்தம். கதவு திறக்கவில்லை. "கண்ணாடியும் இறங்க மாட்டேங்குது" என்றான் அவன், தூரத்திலிருந்து பேசுகிறவனைப் போல. கொட்டகைக்குள் புகையே இல்லை. ஆனால் புகை நாற்றம் மூக்கையும் நெஞ்சையும் அடைத்தது. பல்பின் வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது.

மெக்கானிக் இஞ்சின் இடுக்கிலிருந்து கையை வெளியே எடுக்கப் பார்த்தார்.

வரவில்லை.

அந்தப் பழைய ஸ்பானரை எப்போது பிடித்தார் என்றே அவருக்கு நினைவில்லை. ஆனால் அவர் விரல்கள் அதன் மேல் இருந்தன. அந்த விரல்களின் மேல் வேறு விரல்கள் இருந்தன. குளிர்ந்த, சொரசொரப்பான, வேலை செய்து காய்ப்பேறிய விரல்கள். இழுக்க இழுக்க அவை இறுகின. மணிக்கட்டு கேபின் தகரத்தில் நசுங்கியது. எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது.

புஸ்... புஸ்... புஸ்...

"என்ன வேணும்?" என்றார் மெக்கானிக். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

அந்தப் பிடி, ஸ்பானரைக் கழற்றும் திசையில் தள்ளியது. வெறி பிடித்த மாதிரி தள்ளியது. உலோகம் கிரீச்சிட்டது. முறியப் போகிற பிளக்கின் சத்தம் அவருக்குத் தெரியும். இது அதுதான்.

அவருக்குள் இருந்த பயத்தையும் மீறித் தொழில்காரர் விழித்துக்கொண்டார்.

"பலம் போடாத" என்றார் மெதுவாக. "ஒடஞ்சா என்னிக்கும் வராது. நான் எடுத்துத் தரேன். அவசரப்படாத."

பிடி தளரவில்லை. ஆனால் தள்ளுவது நின்றது.

இடது கையால் எண்ணெய் டப்பாவைத் துழாவி எடுத்து பிளக்கின் கழுத்தில் விட்டார். காத்திருக்க வேண்டும். கேபினுக்குள் சகலையின் தலை தொங்கிக்கொண்டிருந்தது. உதடுகள் சாயம் பூசிய மாதிரி சிவந்திருந்தன. அவனுடைய பிள்ளைகளின் முகம், இடுப்பு வலிக் கதையைக் கேட்டு இரவுச் சாப்பாட்டில் சிரித்திருக்கக்கூடிய கொழுந்தியாளின் முகம், எல்லாம் மெக்கானிக்கின் கண் முன்னால் வந்து போயின. கை பரபரத்தது. ஓங்கி ஒரு திருகு திருகினால் என்ன?

அந்த மனிதரும் அப்படித்தானே அவசரப்பட்டார்.

கொஞ்சம் முன்னால். அதைவிடக் கொஞ்சம் பின்னால். எண்ணெய். மறுபடி முன்னால்.

அவர் கையோடு கையாக அந்தக் குளிர்ந்த விரல்களும் திரும்பின. பழகப் பழக, அவர் நினைப்பதற்கு முன்பே நின்றன, அவர் நினைப்பதற்கு முன்பே திரும்பின. காதுக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு வாங்கினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"வருது" என்று கிசுகிசுத்தார். "இன்னும் கொஞ்சம். வருது."

நூல் நூலாக இளகியது. பிறகு சட்டென்று லேசாகி, பிளக் முழுசாக அவர் உள்ளங்கையில் விழுந்தது.

நாலாவது துளையிலிருந்து ஒரு பெருமூச்சு கிளம்பியது. நீண்டு, நீண்டு, கொட்டகை முழுவதும் நிறைந்து, கடைசியில் அடங்கியது.

கை விடுபட்டது. வண்டியின் கதவு தானாகத் திறந்தது. பின்னால் ஷட்டர் கடகடவென்று இடுப்பு உயரத்துக்கு எழும்பி நின்றது.

மெக்கானிக் சகலையின் அக்குளில் கையைக் கொடுத்து தரதரவென்று இழுத்து, ஷட்டருக்கு அடியில் தள்ளி, தானும் உருண்டு மழைக்குள் வந்து விழுந்தார். கன்னத்தில் அறைந்தார். மறுபடி அறைந்தார். சகலை இருமினான், வாந்தி எடுத்தான், கண்ணைத் திறந்தான்.

"ஏன் சகல அடிக்கறீங்க?"

மெக்கானிக்குக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பெண்மணி குடையோடு ஓடி வந்தாள். தரையில் கிடந்தவனையும், அவர் கையிலிருந்த பிளக்கையும் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது.

"நீங்க கத்தினீங்களா?"

"கத்தினோம்மா."

"எனக்குக் கேக்கல." அவள் குரல் உடைந்தது. "அன்னிக்கும் கேக்கல."

பிறகு அவள் ஷட்டரின் பக்கம் போனாள். வாசலில் ஒரு நிமிஷம் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். குனிந்து உள்ளே நுழைந்தாள். மெக்கானிக் பதறி எழுந்தார். ஆனால் அவள் நிதானமாக வண்டியைச் சுற்றி நடந்து, பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அந்த வாசம் போயிடுச்சு" என்றாள் ஆச்சரியமாக. "இங்க யாரும் இல்ல."

ஆஸ்பத்திரிக்குப் போக அவளே வாடகைக் கார் ஒன்றை வரவழைத்தாள். வண்டியை அங்கேயே விட்டுவிட்டார்கள். கருவிப் பையைக் கூட மெக்கானிக் எடுக்கவில்லை. சகலையை முதலில் ஏற்றிவிட்டு, அவர் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்ப் பின்சீட்டில் அவனருகே உட்கார்ந்தார். டிரைவர் கண்ணாடியில் பின்னால் ஒரு தரம் பார்த்துவிட்டுக் காரைக் கிளப்பினார்.

தெருமுனை திரும்பியதும்தான் மெக்கானிக்குக்கு நிதானமாக மூச்சு வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. ஈரச் சட்டையோடு சகலை அவர் மேல் ஒட்டிக்கொண்டு, தோளும் தொடையும் நசுங்க உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அந்தப் பக்கம் ஜன்னல் வரை சீட் காலியாகக் கிடந்தது.

"கொஞ்சம் தள்ளி உக்காரேன்டா" என்றார்.

சகலை கண்ணைத் திறக்காமலே சலித்துக்கொண்டான்.

"எங்க தள்ளச் சொல்றீங்க? மூணு பேரு உக்காந்தா இவ்வளவுதான் இடம் சகல."