மஞ்சள் வைத்த நான்கு போர்வைகள்

காலை ஐந்தரைக்கு மருதாசலம் எழுந்து சுவரைச் சுரண்டினான். தூக்கத்தில் அவன் விட்ட மூச்சு வெளிப்பக்கச் சுவரில் பனியாக உறைந்திருந்தது. அதைத் தகட்டுக் கரண்டியால் வழித்துக் கெண்டியில் போட்டான். வியாழனின் நிலவான கலிஸ்டோவில், பனிக்கடியில் குடைந்த வீடுகளில் எல்லோருக்கும் காலையில் இதுதான் முதல் வேலை. பிறகு காற்றுப் பங்கீட்டின் அளவுக்குழாயில் மூன்று முறை ஊதினான். குழாய் பச்சையாயிற்று. அன்றைக்குரிய காற்று வந்தது. கெண்டி பாதிதான் நிரம்பியிருந்தது. இரண்டு பேர் மூச்சு விட்டால்தான் இரண்டு தம்ளர் காப்பிக்குத் தண்ணீர் தேறும். ஒரு தம்ளர் போட்டுக் குடித்தான். கழுவித் துடைத்து வைத்தான். பதினெட்டு நாளாக அப்படித்தான்.

ஆறரைக்கு இறப்பாய்வி வந்தது.

அந்த ஊரான ஏழாம் குடைவில் யார் இறந்தாலும் காரணத்தை எழுதுவது இறப்பாய்விதான். இடுப்புயரப் பெட்டி, நான்கு சக்கரங்கள், ஒரே கண். அது பொய் சொல்லாது, பரிதாபப்படாது. முன்பு மனிதர்கள் இந்த வேலையைச் செய்தார்கள். அவர்கள் எல்லாவற்றுக்கும் மாரடைப்பு என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"உங்கள் மனைவி பூங்கோதையின் மரணக் கோப்பு நாளைக்குள் முடிய வேண்டும்," என்றது இறப்பாய்வி. "தானே தேடிய சாவு, அதாவது தன்விருப்பம், என்று எழுதப் போகிறேன். மறுப்பு இருந்தால் இன்று சொல்லலாம்."

"இருக்கிறது," என்றான் மருதாசலம்.

நடந்தது இவ்வளவுதான். அன்று வெப்பக்குழாய் வெடித்தது. அந்த வரிசையில் பதினோரு வீடுகள். மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். பூங்கோதை மட்டும் வீட்டில் இருந்தாள். மின்சாரம் போயிற்று, தொலைபேசி போயிற்று, கதவின் பூட்டு உறைந்து இறுகிக்கொண்டது. மருதாசலம் நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் பனி துளைத்துக்கொண்டிருந்தான். பதினோரு மணி நேரம் கழித்துக் கதவை அறுத்தபோது வீட்டுக்குள் குளிர் சுழியத்துக்குக் கீழே ஐம்பத்திரண்டு பாகை. அவள் கட்டிலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். மேலே ஒரு மெல்லிய துண்டு. கட்டிலின் மேல், பளபளப்புத் தாள் சுற்றிய நான்கு பொட்டலங்கள்.

பொட்டலங்களுக்குள் போர்வைகள் இருந்தன. பூங்கோதை வெளியுடை பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்தாள். பனிவெளியில் அணியும் அந்த உடைகளின் உட்புறத்தில் காப்பிழை என்ற ஒன்று உண்டு. வெப்பத்தை வெளியே விடாது. வெட்டி எறியும் துண்டுகளை அனுமதி வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவாள். மூன்று அடுக்குக் காப்பிழை. அதன் மேல், யாருக்கான போர்வையோ அவர்களுடைய பழந்துணிகளை வெட்டி ஒட்டுப் போட்ட மேல்துணி. இயந்திர ஊசி பட்டால் காப்பிழையின் நுண்ணறைகள் உடைந்துவிடும் என்பதால் எல்லாம் கைத்தையல். இரண்டு வருட வேலை. மாமியாருக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று, அண்ணிக்கு ஒன்று, கணவனுக்கு ஒன்று. தை முதல் நாளில் கொடுப்பதாக இருந்தாள். ஒவ்வொன்றின் மூலையிலும் மஞ்சள் வைத்து, சுற்றி, பெயர் எழுதி ஒட்டியிருந்தாள். தை பிறக்க அப்போது பன்னிரண்டு நாள் இருந்தது.

"மிச்சத் துணியைச் சோதித்தேன்," என்றது இறப்பாய்வி. "அந்தக் குளிரில் ஒரு போர்வை ஒரு மனிதரை முப்பத்தொரு மணி நேரம் காப்பாற்றும். கையெட்டும் தூரத்தில் நான்கு இருந்தன. எடுக்கவில்லை. ஆகவே தன்விருப்பம்."

குடைவில் அந்தச் சொல்லுக்கு ஒரு விளைவு இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரே குளிர்காலத்தில் ஒருவரைப் பார்த்து ஒருவராக ஒன்பது பேர் தாமாகவே போய்ச் சேர்ந்தார்கள். அதன்பின் சட்டம் வந்தது. தன்விருப்பம் என்று எழுதப்பட்டவர் தைத்தது, எழுதியது, பேசியது, அவருடைய படம், பெயர் எல்லாம் கலைக்கப்படும். போர்வைகள் நூலாகும். நூல் கூழாகும். இறந்தவர்களின் பெயர்ச்சுவரில் பூங்கோதை இருக்க மாட்டாள்.

"இதை எளிதாகத் தீர்க்கலாம்," என்றது இறப்பாய்வி. "உங்கள் வீட்டுச் சுவர்ப்பலகைக்குத் தனி மின்கலம் உண்டு. அவர் உயிரோடிருந்த கடைசி இருபது நிமிட ஒலி அதில் இருக்கிறது. துணைவர் சம்மதித்தால் திறப்பேன். பத்தாவது முறையாகக் கேட்கிறேன்."

"வேண்டாம்," என்றான். பத்தாவது முறை.

சாவதற்கு முந்தைய மாதம் பூங்கோதைக்குக் கரு கலைந்திருந்தது. பிறகு அவள் அதிகம் பேசவில்லை. தைத்துக்கொண்டிருந்தாள். பலகை என்ன சொல்லும் என்று அவனுக்குத் தெரியாது. தெரியாது என்பது ஒன்றுதான் அவனிடம் மிச்சம் இருந்தது.

எட்டு மணிக்குச் சாட்சி சொல்ல மூன்று பேர் வந்தார்கள். அவன் அம்மா தெய்வாத்தாள், பூங்கோதையின் அண்ணன் ராக்கியப்பன், அண்ணி வசந்தாமணி. குடைவின் முதல் குடிகள் திருப்பூர்ப் பக்கத்து நூல்காரர்கள். மூன்று தலைமுறை ஆகியும் பேச்சு மாறவில்லை.

"முந்தின நாளுதான் எங்கிட்டப் பேசுனா," என்றாள் தெய்வாத்தாள். "'மாமா நாளைக்குத் துளைக்கப் போவுதுங்க அத்தை, வந்ததீம் கம்பங்களி கிண்டோணும்'னா. அடுத்த நாளுக் களிக்கு யோசன பண்றவ சாவறதுக்கா யோசன பண்ணுவா?"

"பின் ஏன் போர்வையை எடுக்கவில்லை?" என்று கேட்டது இறப்பாய்வி.

"எடுக்கக் கூடாதல்லோ. ஒருத்தருக்குன்னு மஞ்ச வெச்சாச்சுன்னா அது அவிங்களுது. நாம போத்திப்போட்டுக் குடுத்தா எச்சப் பண்டத்தக் குடுத்தாப்பல."

"போர்வையில் எச்சில் படாது."

"அட இவனே!" தெய்வாத்தாள் மகனைப் பார்த்தாள். "இதுக்கு எதச் சொல்லிப் புரிய வெக்கறது சாமி?"

இறப்பாய்வியின் கண் ராக்கியப்பன் பக்கம் திரும்பியது. "நீங்களாக இருந்தால் பிரித்திருப்பீர்களா?"

"நானுங்களா? உசுருன்னு வந்தா பிரிக்காம என்னங்க? டர்ருன்னு கிழிச்சிருப்பேன்."

"கிழிப்பாரு, கிழிப்பாரு," என்றாள் வசந்தாமணி. "கலியாணத்துக்கு வந்த நாற்காலிங்க. பதினாலு வருசமாச்சு. இன்னும் பிளாஸ்டிக் உறைய உரிக்க உடமாட்டீங்கறாரு. ஒக்காந்தா முறுக்குத் திங்கறாப்பல சத்தம்."

"நீ சும்மா இரு. சாட்சி சொல்ல வந்தியா, எம்மானத்த வாங்க வந்தியா?"

இறப்பாய்வி குடைவின் பொருள் பதிவைத் திறந்தது. கலிஸ்டோ போன்ற தூர நிலவுகளுக்கு எதையும் எடை பார்த்துத்தான் ஏற்றுவார்கள். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும் ஒவ்வொரு பொருளும் எப்போது பயன்பட்டது என்பது வரை பதிவில் இருக்கும்.

"ராக்கியப்பன். உங்கள் பீரோவில் பட்டு வேட்டி மூன்று. உறை பிரிக்கப்படவில்லை. ஒன்பது ஆண்டு."

"அது விசேசத்துக்குங்க."

"ஒன்பது ஆண்டில் விசேஷமே வரவில்லையா?"

"வந்துதுங்க. அதுக்கெல்லாம் பழசே போதுமுங்களே."

"தெய்வாத்தாள். எவர்சில்வர் தம்ளர் பன்னிரண்டு. கடை ஒட்டிய சீட்டு இன்னும் இருக்கிறது. நீங்கள் குடிப்பது நசுங்கிய தம்ளரில்."

"ஆராச்சும் ஊட்டுக்கு வந்தா வேணுமல்லோ."

"கலிஸ்டோவுக்கு முப்பது ஆண்டாக யாரும் வரவில்லை."

"வந்துட்டா?" என்றாள் தெய்வாத்தாள்.

இறப்பாய்வி பதிவை மூடியது. "எடுத்து வைப்பது ஒரு வழக்கம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குளிர் எலும்பைத் தொடும்போது மனிதர் வழக்கத்தை விட்டுவிடுவார். ராக்கியப்பனே அதைத்தான் சொன்னார். மறுப்பு போதாது."

ராக்கியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். "நாஞ் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேனுங்க," என்றான். தங்கையின் பெயரைத் தன் வாயாலேயே அழித்தவனின் குரல் அது.

"தீர்ப்பு நாளை மதியம். அதுவரை இவை உங்களுடையவை," என்று இறப்பாய்வி நான்கு பொட்டலங்களையும் அவரவரிடம் கொடுத்தது. அவர்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அறிவிப்பு வந்தது. வெடித்த குழாயை நிரந்தரமாகப் பொருத்த நான்கு மணி நேரம் வெப்பம் நிறுத்தப்படும். உயிருக்கு ஆபத்து இல்லை. எல்லோரும் தங்களிடம் உள்ள கனமான போர்வையைப் போர்த்திக்கொண்டு வீட்டிலேயே இருக்கவும். அறிவித்தது நிர்வாகம். அந்த நாளைத் தேர்ந்து கொடுத்தது இறப்பாய்வி.

ஒன்பது மணிக்கு அது தெய்வாத்தாளின் வீட்டுக்குப் போயிற்று. சேலைக்கு மேல் இரண்டு சுவெட்டர், காலில் மகனின் காலுறை, தலையில் ஈரிழைத் துண்டு. பற்கள் அடித்துக்கொண்டன.

"போர்வை எங்கே?"

"பீரோவுல இருக்குது."

"ஏன் போர்த்தவில்லை?"

"அவ கடேசியாத் தெச்சது சாமி. போத்துனா நைஞ்சு போயிருமல்லோ."

"நடுங்குகிறீர்கள்."

"வயசாச்சு, நடுங்கறேன். உனக்கென்ன? கதவச் சாத்தீட்டுப் போ, குளுரு உள்ள வருது."

ராக்கியப்பன் வீட்டில் இருவரும் ஒரே கிழிந்த கம்பளிக்குள் இருந்தார்கள். இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் முதுகு வெளியே தெரிந்தது. பொட்டலங்கள் பரண் மேல் இருந்தன.

"கிழித்துவிடுவேன் என்றீர்கள்."

"சொன்னேனுங்க." அவன் உதடு நீலமாக இருந்தது. "ராத்திரி எடுத்துப் பாத்தேன். 'அண்ணனுக்கு'ன்னு அவ கையால எழுதி ஒட்டியிருக்கா. பிரிச்சா அது நடுவால கிழிஞ்சுருமுங்க."

வசந்தாமணி அந்த முறை அவனைக் கிண்டல் செய்யவில்லை. கம்பளியின் தன் பக்கத்தையும் அவன் மேல் இழுத்துவிட்டாள்.

கடைசியாக அது மருதாசலத்தின் வீட்டுக்கு வந்தது. அவன் கட்டிலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். மடியில் பொட்டலம். அறையில் இரண்டு பாகை. விரல்கள் மடங்கவில்லை.

"நீங்கள் சாக விரும்புகிறீர்களா?" என்று கேட்டது இறப்பாய்வி. அது கேட்க வேண்டிய கேள்வி.

அவன் யோசித்தான். "அப்படி ஒன்றும் நினைக்கவில்லை."

"பின் ஏன் பிரிக்கவில்லை?"

"தை ஒன்றாம் தேதி கொடுப்பதாக இருந்தாள்."

"தை ஒன்றாம் தேதி போய் ஏழு நாள் ஆகிறது."

"தெரியும். அவள் கொடுக்கவில்லையே. நீதானே கொடுத்தாய்."

இறப்பாய்வியின் கண் அணைந்தது. அது பழுதில்லை. இதுவரை எழுதிய எல்லாவற்றையும் அது மறுபடி படித்துக்கொண்டிருந்தது. கண் எரிந்தபோது அதன் குரலில் மாற்றம் எதுவும் இல்லை.

"நான்கு பேர். நான்கு போர்வை. எல்லோரும் குளிரில் நடுங்கினார்கள். ஒருவரும் பிரிக்கவில்லை. ஒருவரும் சாக விரும்பவில்லை. என் முடிவு தவறு. தன்விருப்பத்தை நீக்குகிறேன். காரணம்: வழக்கம். அப்படி ஒரு காரணம் என் பட்டியலில் இல்லை. இன்று சேர்த்திருக்கிறேன். பெயர்ச்சுவரில் அவர் இருப்பார்."

மருதாசலம் தலையசைத்தான்.

"குடைவு முழுவதும் பொருள் பதிவைப் பார்த்தேன்," என்றது இறப்பாய்வி. "நானூற்றுப் பத்துப் பேர். பிரிக்காத உறைகள் மூவாயிரத்து இருநூறு. இந்தக் காரணம் எனக்கு மறுபடியும் தேவைப்படும்."

அது வாசல்வரை உருண்டு போய் நின்றது. "சுவர்ப்பலகையின் பதிவு இனி எனக்கு வேண்டாம். கோப்பு மூடப்பட்டதும் அது அழிந்துவிடும். மூடலாமா?"

சரி என்றால் போதும். தெரியாதது தெரியாததாகவே இருந்துவிடும். பெயர் சுவரில் இருக்கும், போர்வை மடியில் இருக்கும், காலையில் பாதிக் கெண்டி இருக்கும். அவன் அப்படிச் சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"போடு," என்றான்.

இருபது நிமிடத்தில் பெரும்பகுதி வெறும் இரைச்சல். பனி விரியும் சத்தம். பல் அடித்துக்கொள்ளும் சத்தம். ஒவ்வொரு நிமிடமும் சுவர்ப்பலகையின் குரல்: "வெப்பம் குறைகிறது. அருகில் உள்ள கனமான போர்வையைப் போர்த்திக்கொள்ளவும்." அவள் பதில் சொல்லவில்லை. பதினேழாவது முறை அது சொன்னபோது தாள் சரசரத்தது. ஒரு கை பொட்டலங்களைத் துழாவி ஒன்றை எடுப்பது கேட்டது. சரசரப்பு நின்றது. பலகை மறுபடி சொன்னது. கேட்டதையே கேட்கும் குழந்தைக்குப் பதில் சொல்வதுபோல, கோபமில்லாமல், அவள் சொன்னாள்.

"இது மாமாவுதுங்க. மாமா வந்து பிரிக்கட்டும்."