உடையாத நாற்காலி

ஞாயிற்றுக்கிழமை காலை. வாங்கிய நாற்காலியை எடுத்துப்போக இன்ஸ்பெக்டரும் அவர் கணவரும் கடைக்குள் நுழைந்தபோது, கடைக்காரர் கம்பளத்தின் மேல் மல்லாந்து கிடந்தார். கண்கள் பாதி திறந்திருந்தன. தலைமாட்டில் அவருடைய மகள் உட்கார்ந்திருந்தாள்.

"ஆம்புலன்ஸ் வந்துட்டுப் போயிடுச்சு. உயிர் இல்லன்னுட்டாங்க. போலீஸ் வர்ற வரைக்கும் எடுக்கக் கூடாதாம்."

இன்ஸ்பெக்டருக்கு அன்று விடுமுறை. சேலையில் வந்திருந்தார். ஆனாலும் பழக்கம் விடவில்லை. குனிந்து பார்த்தார். பின்மண்டையில் அடி. பக்கத்தில் இருந்த தாழ்வான தேக்கு அலமாரியின் விளிம்பில் கொஞ்சம் ரத்தம். மேலே, கூம்பு வடிவப் பித்தளைத் தொங்குவிளக்கு ஒரு பக்கம் கொக்கி கழன்று சாய்ந்திருந்தது.

அந்த விளக்கைப் பார்த்ததும் கணவரின் முகம் வெளுத்துப்போனது.

"நான் கேட்ட விளக்கு..." என்றார். "எனக்காகத்தான் கழட்டப் போயிருக்காரு."

இன்ஸ்பெக்டர் விளக்கை அண்ணாந்து பார்த்தார். அவருக்கும் அதுதான் தோன்றியது.

புது வீட்டுக்கு ஒரு நல்ல கைவைத்த நாற்காலி வேண்டும் என்று இருவரும் ஊரெல்லாம் அலைந்து ஓய்ந்திருந்தார்கள். புதுச் சாமான் கடைகளில் உட்கார்ந்தால் நாற்காலி கிறீச்சிட்டது. அசலைப் போலவே செய்து தருகிறோம் என்ற பெரிய ஷோரூமில் எல்லாம் பளபளத்தன. தூக்கிப் பார்த்தால் காகிதம் போல இருந்தன. கடைசியில், போன வாரம்தான் இந்தக் கடை. வாசலில் 'மிட் செஞ்சுரி மாடர்ன்' என்று பலகை, ஐம்பது அறுபதுகளின் சாமான் பாணி. "கிட்டத்தட்ட நானும் அந்தக் காலத்துச் சரக்குதான். என்னை மட்டும் யாரும் சீந்த மாட்டேங்கிறாங்க" என்று கணவர் சொன்னதற்குக் கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

அன்று அந்த நாற்காலி ஜன்னல் ஓரம், வெறும் சிமெண்டுத் தரையில் தனியாக நின்றது. தேக்கு. வில்லாய் வளைந்த கைகள், சரிந்து இறங்கும் மெல்லிய கால்கள், பலகை இருக்கை. கடைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு விறுவிறுவென்று அதன் மேல் ஏறி நின்றார்.

"வர்றவங்க எல்லாருக்கும் இப்படித்தான் ஏறிக் காட்டுவேன். ஆணி கிடையாது, எல்லாம் கழுந்து, மரத்துக்குள்ளயே மரத்தைச் செருகி இறுக்கினது. யானை ஏறினாலும் அசையாது. எனக்கிருக்கிற கண்ணுக்கு எல்லாமே நிழலாட்டம்தான் தெரியுது, இது மேல மட்டும் தைரியமா ஏறுவேன்."

இறங்கி, 'விற்றாகிவிட்டது' என்ற சீட்டை அவரே தடவித் தடவி அதன் கையில் கட்டினார். விளக்கைப் பற்றிக் கணவர் கேட்டதும், "நீங்க வர்ற அன்னிக்குக் கழட்டி வெக்கிறேன், அது என் அன்பளிப்பு" என்றார். மூலையில் மேஜையருகே இருந்த மகள் அவ்வளவு நேரமும் தலையே தூக்கவில்லை.

இப்போது அதே கடைக்குள் எஸ்.ஐ. வந்தார். இளைஞர். இன்ஸ்பெக்டரைக் கண்டதும் விறைப்பானார்.

"மேடம், நீங்களா?"

"சாமான் வாங்க வந்தேன். இது உங்க ஸ்டேஷன், நீங்க பாருங்க."

எஸ்.ஐ. சுற்றிப் பார்த்தார். விளக்கு, அலமாரி, உடல், நாற்காலி. முடிவுக்கு வர அதிக நேரம் பிடிக்கவில்லை.

"விளக்கைக் கழட்ட நாற்காலி மேல ஏறியிருக்காரு. தலை சுத்தியிருக்கு. விழுந்துட்டாரு. பாவம்." பிறகு மகளிடம் திரும்பினார். "விழுந்த சத்தம் கேட்டுச்சா?"

"இல்ல. நான் மாடியில வீட்டுல இருந்தேன். கீழ வந்தப்போ இப்படித்தான் கிடந்தாரு."

"பேசினாரா?"

"இல்ல."

"எதையாவது தொட்டீங்களா, நகத்தினீங்களா?"

"இல்ல."

மூன்று 'இல்ல'. மூன்றாவது மட்டும் கேள்வி முடிவதற்கு முன்பே வந்துவிட்டது. மாடியில் அப்பாவும் மகளும் மட்டும்தான் என்பதையும் எஸ்.ஐ. கேட்டு எழுதிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியின் அருகே போனார். தான் வாங்கிய அதே நாற்காலி. சந்தேகமில்லை, இடது கையில் கட்டைவிரல் படுகிற இடம் தேய்ந்து குழிந்திருந்ததை அன்றே தடவிப் பார்த்திருந்தார். ஆனால் கடைக்காரர் கட்டிய சீட்டு அதில் இல்லை.

அது நின்ற இடமும் சரியில்லை. விளக்குக்குக் கீழே இல்லை. விழுந்தவரின் வலக்கையை ஒட்டி, அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றது.

விளக்குக்கு நேர் கீழே கம்பளத்தில் நான்கு அழுத்தத் தடங்கள் இருந்தன. ஏதோ ஒன்று நாள்கணக்காக அங்கே நின்றிருக்கிறது. இன்ஸ்பெக்டர் மண்டியிட்டுக் கையை விரித்துச் சாண் வைத்தார். பிறகு நாற்காலியின் கால்களுக்கு நடுவே அதே சாணை வைத்தார். பொருந்தவில்லை. பின்னங்கால் தடங்கள் ரொம்ப அகலம்.

"எஸ்.ஐ., அவர் இந்த நாற்காலியிலிருந்து விழல."

"எப்படி மேடம்?"

"இது இங்க நிக்கவே இல்ல, அவர் கட்டின சீட்டும் இதுல இல்ல. இதே ஜாடையில இன்னொண்ணு நின்னிருக்கு. அதைத் தேடணும்."

மகள் தலையைத் தூக்கினாள்.

எஸ்.ஐ.க்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. பின்பக்கப் பட்டறையைத் திறந்து தேடினார். அடுக்கியிருந்த பலகைகளுக்குப் பின்னால், சாக்குக்கு அடியில், ஒரு நாற்காலி. அச்சாக அதே வடிவம். பின்னங்கால் ஒன்று இருக்கையோடு சேரும் இடத்தில் பெயர்ந்திருந்தது. முறிந்த இடத்தில் மரம் வெளிறிய மஞ்சளாக இருந்தது. மேலே மட்டும் தேக்கு நிறப் பூச்சு. கழுந்து இல்லை. இரண்டு சின்ன மரக்குச்சி, காய்ந்த பசை. அதன் கையில் கடைக்காரர் அன்று கட்டிய 'விற்றாகிவிட்டது' சீட்டு தொங்கியது.

"பட்டறைச் சாவி யார்கிட்ட?"

"பாலிஷ்காரர்கிட்ட ஒண்ணு இருக்கு" என்றாள் மகள்.

விஷயம் கேள்விப்பட்டு அவரே வந்துகொண்டிருந்தார். கடையில் எல்லோரும் அவரை 'வார்னிஷ்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளுக்கு முன்னால் வாசனை வந்து நிற்கும். உடலைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நேத்துலேருந்து எங்க இருந்தே?" என்றார் எஸ்.ஐ.

"இங்கதாங்க. நேத்து சாயங்காலம் வரைக்கும் வேலை செஞ்சேன். அப்புறம் வீட்டுல."

"முதலாளியோட சண்டையாமே? பக்கத்துக் கடைக்காரர் சொல்றாரு."

"ஆமாங்க." அவர் மறைக்கவில்லை. "வாய்ச்சண்டை. கோவத்துல கிளம்பிப் போனேன். பின்னாலயே வந்து டீ குடிச்சிட்டுப் போடான்னு கூப்பிட்டாரு. திரும்பிப் பாக்காம போயிட்டேங்க." துண்டை வாயில் அழுத்திக்கொண்டார்.

"அசலை ஒளிச்சு வெச்சிட்டுப் போலியைத் தள்ளிவிடப் பாத்திருக்கே. அது உடைஞ்சு ஆள் போயிட்டாருன்னதும் மாத்தி வெச்சிட்டே. அப்படித்தானே?"

"அவரை விடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

எஸ்.ஐ. பட்டறையில் தேடும்போதே மாடிப்படியைப் பார்த்துவிட்டு வந்திருந்தவர், அசல் நாற்காலியைச் சாய்த்துக் காட்டினார். ஒரு காலின் நுனியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"பட்டறைச் சுவர் வெறும் செங்கல். கடைச் சுவருக்குப் பச்சை வர்ணம். சுண்ணாம்பு அடிச்சது மாடிப்படிச் சுவர் மட்டும்தான். திருப்பத்துல இப்பத்தான் கீறல் விழுந்திருக்கு, படியில பொடி உதிர்ந்து கிடக்கு. இது மாடி வீட்டுலேருந்து இறங்கி வந்திருக்கு. அவசரமா."

மகள் தன் முழங்கையை மறைத்துக்கொண்டாள். அங்கேயும் சிராய்ப்பு இருந்தது.

இன்ஸ்பெக்டர் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். குரல் இறங்கியது.

"போலியை வாங்கி வெச்சது நீங்க. அசலை மாடிக்குக் கொண்டுபோனது நீங்க. அவர் விழுந்த பிறகு இறக்கிக்கிட்டு வந்ததும் நீங்கதான். உடைஞ்சதை ஒளிக்கத்தான் மாத்தினீங்கன்னு முதல்ல நினைச்சேன். ஆனா ஒரு விஷயம் இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஏமாத்த நினைக்கிறவங்க நாற்காலியை எங்க வெப்பாங்க? விளக்குக்குக் கீழ வெப்பாங்க. அப்பத்தானே அதுலேருந்து விழுந்த மாதிரி தெரியும்? இது அவர் கைக்கு எட்டுற இடத்துல, அவரைப் பாத்து இருக்கு. செத்தவருக்கு யாரும் நாற்காலியைக் காட்ட மாட்டாங்க."

இன்ஸ்பெக்டர் கடைக்காரரின் வலக்கையைக் காட்டினார்.

"அவர் உயிரோட இருந்தாரு. பேசினாரு. என்னம்மா சொன்னாரு?"

அவள் உடனே அழவில்லை. முதலில் அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். பிறகுதான் உடைந்தாள்.

"அம்மா நாற்காலி அது. உடம்பு முடியாம கிடந்தப்போ பகல் பூரா ஜன்னல் ஓரம் அதுலதான் இருப்பாங்க. அவங்க போய் ஒரு வருஷம் ஆகல. அப்பா அதைக் கொண்டுவந்து கடையில வெச்சிட்டாரு. ஒரு வார்த்தை கேக்கல. நானும் விக்காதீங்கன்னு சொல்லல. சொல்லணும்னா அம்மாவைப் பத்திப் பேசணும். நாங்க ரெண்டு பேரும் பேசறதே இல்ல. சாப்பிட வாங்க, கதவைச் சாத்துங்க, அவ்வளவுதான்."

"அதனால ஷோரூம்ல அதே மாதிரி ஒண்ணு வாங்கினீங்க."

"அப்பா கண்ணுக்குத் தெரியாதுன்னு தெரியும். ஆடுற சத்தம் கேக்கக் கூடாதுன்னு கம்பளத்து மேல வெச்சேன். நீங்க வந்ததும் தனியாக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துடலாம்னு இருந்தேன். சொல்லியிருப்பேனான்னு இப்ப எனக்கே தெரியல." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அவர் இன்னிக்கு அதுல ஏறுவாருன்னு நினைக்கலங்க. சத்தம் கேட்டு ஓடி வந்தேன். நல்லாத்தான் பேசினாரு. அடி ஒண்ணுமில்லைன்னாரு. உடைஞ்ச காலைத் தடவிக்கிட்டே, 'உங்கம்மா நாற்காலியை உடைச்சிட்டேனேம்மா, உங்கம்மா நாற்காலியை உடைச்சிட்டேனே'ன்னு அழுதாரு. அப்பா அழுது நான் பாத்ததே இல்ல. அம்மா செத்தப்பகூட."

கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இல்லப்பா, அது உடையலப்பா, பத்திரமா இருக்குன்னு சொன்னேன். அவர் நம்பல. மேல ஓடினேன். தூக்கிட்டு வந்து பக்கத்துல வெச்சு, அவர் கையை எடுத்து அது மேல வெச்சேன். 'பாருப்பா, இதுதான்'னு சொன்னேன்."

"தெரிஞ்சுதா அவருக்கு?"

"கட்டைவிரல் அசைஞ்சுது. அம்மா விரல் தேச்ச இடத்துல. அப்புறம் கை நழுவிடுச்சு." அவள் இன்ஸ்பெக்டரை நிமிர்ந்து பார்த்தாள். "அதுக்கப்புறம்தான் ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணினேன். அப்புறம் பயம் வந்துடுச்சு. உடைஞ்சதைப் பட்டறையில போட்டுட்டேன்."

வாசற்படியிலிருந்து பாலிஷ்காரரின் குரல் வந்தது.

"நேத்து நடந்த சண்டையே அதுக்குத்தான் பாப்பா. அண்ணி நாற்காலியை விக்காதீங்கன்னு நான் குதிச்சேன். 'என் பொண்ணு ராவெல்லாம் அதுல தலையைச் சாய்ச்சு அழுதத நான் கேட்டிருக்கேன்டா, அது கண்ணுலேருந்து போனாத்தான் அவ எழுந்திருப்பா'ன்னாரு. நானாவது வந்து உன்கிட்ட சொல்லியிருக்கணும்."

அவள் ஒரு சத்தம் எழுப்பினாள். வார்த்தை அல்ல. பாலிஷ்காரர் எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்தார்.

எஸ்.ஐ. இன்ஸ்பெக்டரைத் தனியாக அழைத்தார்.

"மேடம், தலை சுத்தி விழுந்தாருன்னே எழுதிடட்டுமா? இந்தப் பொண்ணை எதுக்கு..."

"வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதுங்க. விழுந்தது விபத்து, அது மாறப்போறதில்ல. பொருளை மாத்தினதுக்குப் புகார் கொடுக்கவேண்டியவ நான், கொடுக்கப்போறதில்ல. உடைஞ்சதை ஒளிச்சதுக்கு மட்டும் அவங்க பதில் சொல்லித்தான் ஆகணும். நான் கூட வர்றேன். இன்னிக்குப் பொய் எழுதினா அவங்க ஆயுசு பூரா அதைத் தூக்கிச் சுமக்கணும்."

பிணவறை வண்டி வரத் தாமதமானது. கணவர், நாற்காலியை ஏற்றிப்போகக் கூட்டி வந்திருந்த வாடகை வண்டிக்காரரை அனுப்பிவிட்டு வந்து, செய்வதறியாமல் மின்விசிறியை நிறுத்தினார். பிறகு மறுபடி போட்டார்.

"மேடம்" என்றாள் மகள். "முதல்லயே போன் பண்ணியிருந்தா பிழைச்சிருப்பாரா?"

இன்ஸ்பெக்டரிடம் இந்தக் கேள்வியை இதற்கு முன் பலர் கேட்டிருக்கிறார்கள். பெற்றவர்கள், கட்டினவர்கள், கூடப் பிறந்தவர்கள். ஒவ்வொரு முறையும் 'பிழைச்சிருக்க மாட்டார்' என்றுதான் சொல்லி அனுப்பியிருக்கிறார். இந்த முறை நாக்கு புரளவில்லை.

"தெரியலம்மா. டாக்டர் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். பேசிக்கிட்டிருந்த மனுஷனைப் பாத்து, போயிடுவாருன்னு யாருக்கும் தோணாது. எனக்கும் தோணியிருக்காது."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு போனைக் கையில் எடுத்தாள்.

"வெளிநாட்டுல அண்ணன் இருக்கான். இன்னும் சொல்லல."

"நான் பேசட்டுமா?"

"வேண்டாம். நானே சொல்றேன்."

மணி அடித்தது. மறுமுனையில் தூக்கக் கலக்கத்தோடு ஒரு ஆண்குரல், "என்னடி இந்நேரத்துல? அப்பா நல்லா இருக்காரா?" என்றது.

"அண்ணா, எழுந்து உக்காரு" என்றாள் அவள். "நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். முழுசாச் சொல்லி முடிக்கிற வரைக்கும் போனை வெச்சிடாத."