இங்க நல்ல தரை

ஸ்ட்ரூவனின் குரல் கீழிருந்து வந்தது. மேலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

நெட்டா நின்றாள். காலையில் மலைக்குடிசையிலிருந்து கிளம்பும்போது, ஆடு ஓட்டி நடக்கும் தடங்களில் முகட்டை ஒட்டிய மேல்வரிசையை அண்ணன் ஸ்ட்ரூவன் எடுத்துக்கொண்டான். அவளுக்கு அதற்கு முந்நூறு அடி கீழே, செங்குத்துப் பாறையின் விளிம்பையொட்டிப் போகும் நடுவரிசை. ஏப்ரல் முடிவதற்குள், குளிர்காலம் தொடங்குமுன், மெரினோ கம்பளி ஆடுகளைப் பள்ளத்தாக்குக்கு இறக்கியாக வேண்டும். ஆடு ஓட்டும்போது அவரவர் வரிசையை விட்டு யாரும் இறங்குவதில்லை.

"அலெக் நடந்த வரிசையாச்சே. உன்னால முடியுமா?" என்று கேட்டிருந்தான் ஸ்ட்ரூவன்.

"அந்தத் தொப்பையத் தூக்கிக்கிட்டு நீயே முகடு ஏறுற. எனக்கென்ன?"

அவன் சிரிக்கவில்லை. அவள் தலையில் கையை வைத்து ஒரு கணம் அழுத்திவிட்டுப் போனான். சின்ன வயதில் பள்ளிக்கூட வண்டி ஏற்றிவிடும்போது அப்படிச் செய்வான்.

பத்து மணிவாக்கில் மூடுபனி வந்தது. ஆற்றிலிருந்து எழுந்து, சரளைச் சரிவை நக்கிக்கொண்டே ஏறி, முதலில் ஆடுகளின் கால்களையும் பிறகு ஆடுகளையும் பிறகு அவள் கையிலிருந்த நீளக் கம்பின் நுனியையும் தின்றது. ஈரக் கம்பளி வாடையும் நனைந்த புல்லின் புளித்த மணமும் மூக்கில் அப்பிக்கொண்டன. எங்கோ ஒரு கியா, அந்த மலைக்கிளி, கீறலாகக் கத்தி, பாதியில் நிறுத்திக்கொண்டது. பனியில் சிக்கினால் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும், பக்கத்து வரிசைக்காரன் குரல் கொடுத்தால் அந்தக் குரலைப் பிடித்து நடக்கலாம். இந்த மலையில் எல்லோருக்கும் தெரிந்த விதி அது. குரல் கொடுத்தவன் தன் காலடித் தரைக்குப் பொறுப்பு.

"நெட்டா. இப்படி வா. இங்க நல்ல தரை."

போன வருடம் இதே மாதம், இதே பனியில்தான் அவள் கணவன் அலெக் விளிம்பைத் தாண்டி விழுந்தான். ஸ்ட்ரூவன்தான் உடலைச் சுமந்து இறக்கினான். "கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன் நெட்டா, அவன் காதுல விழல," என்று அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதான். அந்தக் குளிர்காலம் முழுக்க அவளுக்கு விறகு வெட்டிப் போட்டவன் அவன். கேட்காமலே வருவான், தேநீர்கூடக் குடிக்காமல் போவான்.

அந்தக் குரலை நம்பாமல் வேறு எதை நம்புவது? வழி தவறி அவனும் கீழே இறங்கியிருக்கலாம். அவள் நடந்தாள். கம்பால் தரையைத் தட்டி, ஒரு அடி. தட்டி, இன்னொரு அடி. நாய் மாஸ் வரவில்லை. வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு, கூப்பிட்டால் கண்ணை மட்டும் திருப்பியது.

"அப்படித்தான். இன்னும் பத்து அடி. நான் கைய நீட்டிக்கிட்டுதான் நிக்கிறேன்."

மூச்சு இல்லாத குரல். அதுதான் உறுத்தியது. மலையில் கத்துகிறவன் இடையில் மூச்சு வாங்குவான், இருமுவான், காறித் துப்புவான். இது ஒரே சீராக வந்தது, பக்கத்து அறையில் யாரோ படித்துக் காட்டுவதுபோல.

அவள் குனிந்து ஒரு கல்லை எடுத்து முன்னால் எறிந்தாள்.

காத்திருந்தாள்.

சத்தமே வரவில்லை.

அப்படியே உட்கார்ந்தாள். பிறகு உட்கார்ந்தபடியே, குதிகாலால் மண்ணை உதைத்து உதைத்து, பின்னோக்கி நகர்ந்தாள். காற்று ஒருமுறை புரண்டது. பனி துணி கிழிவதுபோலப் பிளந்து, மேலே ஒரு துண்டு மலை தெரிந்தது.

அங்கே ஸ்ட்ரூவன் இருந்தான். தன் வரிசையை விட்டு இறங்கி, முப்பது கெஜ தூரத்தில், ஒரு பாறைமேல். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தான். வாய் மூடியிருந்தது.

"வா நெட்டா," என்றது கீழே அவன் குரல். "என்ன தயக்கம்?"

அவன் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். தேவாலயத்தில் உட்கார்ந்திருப்பதுபோலத் தலையைக் குனிந்து, முடியட்டும் என்று காத்திருந்தான்.

"ஸ்ட்ரூவன்."

அவன் நிமிர்ந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முகத்தில் வந்தது பயமில்லை. களைப்பு.

"நீ போயிருப்பன்னு நெனச்சேன்," என்றான்.

"கீழ யாரு?"

"தெரியாது. நம்ம அப்பா குரல்லதான் முதல்ல பேசிச்சு."

"எப்போ?"

"ரெண்டு வருஷம் ஆச்சு. ஜீன் தூக்கத்துல எழுந்து வெறுங்காலோட ஆத்தங்கரை வரைக்கும் போயிட்டா. யாரோ கூப்பிட்டாங்கன்னு சொன்னா. ஒரு வருஷத்துல மூணு தடவை. நான் இங்க ஏறி வந்து கேட்டேன், என் பொண்ண விட்டுடுன்னு." உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பதிலுக்கு ஆள் கேட்டுச்சு."

நெட்டாவுக்கு அடுத்த கேள்வி தேவைப்படவில்லை. ஆனாலும் வாய் கேட்டது.

"அலெக்க நீதான் கூப்பிட்டியா?"

"நான் கூப்பிடல. அது கூப்பிட்டுச்சு. நான் சும்மா இருந்தேன். இதே பாறையில."

விறகு. அவள் மனதில் வந்தது அதுதான். வாசலில் நெஞ்சளவுக்கு அவன் அடுக்கி வைத்த விறகு. அதை எரித்து அவள் குளிர் காய்ந்தாள்.

"ஒரு வருஷம் அமைதியா இருந்துச்சு," என்றான். "போன வாரம் மறுபடியும் ஜீன் வாசக்கதவுல நிக்கிறா. அவளுக்கு ஆறு வயசு நெட்டா. நீ அவமேல உசுரையே வெச்சிருக்க."

"அதனால என்னைக் கொடுத்திட்டியா?"

"உனக்குப் பிள்ளை இல்ல. அலெக்கும் இல்ல." இறங்கி அவளை நோக்கி வந்தான். அவள் கம்பை இரண்டு கைகளாலும் பிடித்து அவன் நெஞ்சுக்கு நேராக நீட்டினாள். அவன் நின்றான். அழுதுகொண்டிருந்தான். "தள்ள மாட்டேன். சத்தியமா தள்ள மாட்டேன். தள்ளினா அது ஏத்துக்காது. நீயா நடந்து போகணும். கெஞ்சிக் கேக்குறேன்."

கீழே சத்தம் நின்றிருந்தது. நின்றதை இருவரும் ஒரே நேரத்தில் கவனித்தார்கள்.

பிறகு, மிக மெல்ல:

"அப்பா."

ஸ்ட்ரூவனின் கை அந்தரத்தில் நின்றது.

"அப்பா, குளிருது. நான் வந்துட்டேன். எங்க இருக்கீங்க?"

ஜீன் வீட்டில் இருந்தாள். ஆறு மைல் தள்ளி, தாயோடு, அடுப்படியில், எப்போதும் போடும் அந்தச் சிவப்புக் கோட்டில். நெட்டாவுக்கு அது தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"ஜீன்?" என்றான். அவன் முகம் உடைந்தது. "அசையாத கண்ணு. அங்கேயே நில்லு."

நெட்டாவைக் கடந்து போனான். ஈரக் கோட்டு அவள் கன்னத்தில் உரசியது. அது அவள் இல்லை, நில். நான்கே சொல். வாயில் தயாராக இருந்தன. நாக்கின் மேல் அவற்றின் கனம்கூடத் தெரிந்தது.

அவள் சொல்லவில்லை.

அவன் கடைசி அடி எடுத்து வைத்தபோதுகூடக் கை நீட்டியபடிதான் இருந்தது. கத்தவில்லை. சரளை கொஞ்ச நேரம் உருண்டது. பிறகு அதுவும் இல்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மாஸ் ஊர்ந்து வந்து அவள் காலடியில் நடுங்கியது. நண்பகலில் பனி விலகத் தொடங்கியது. முதலில் முகடு, பிறகு புல், பிறகு விளிம்பு. வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு மேகம் இல்லாத நீலம். அவள் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தாள்.

கீழே சரளையில் உடல் இல்லை.

இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் ஸ்ட்ரூவன். கழுத்து தோளில் சாய்ந்திருந்தது. மற்றவன், புதைக்கும்போது அவளே பொத்தான் போட்டுவிட்ட கறுப்புக் கோட்டில் அலெக். இருவரும் அவளைப் பார்க்கவில்லை. முதுகைக் காட்டி, பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு சிறிய இடம் விட்டிருந்தது. அந்த இடத்தின் இருபுறமும் அவர்களின் கைகள் தாழ்ந்து, விரல்கள் மடங்கி, குழந்தையின் கையைப் பிடிக்கும் உயரத்தில் காத்திருந்தன.

அவர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரே குரலில். மூச்சு இல்லாத, அன்பான குரலில்.

அது நெட்டாவின் குரல்.

"ஜீன். அத்தை கூப்பிடுறேன். வா கண்ணு. இங்க நல்ல தரை."

நெட்டா ஜீனின் வீட்டைப் பார்த்துக் கத்தினாள். "வராத, ஜீன், வராத." மலை அந்தச் சொல்லின் பின்பாதியை விழுங்கிவிட்டு, முன்பாதியை "வா" என்று திருத்தி, இன்னும் இனிமையாகக் கீழே அனுப்பியது.

ஆறு மைல் தள்ளி, ஆற்றுக்கு அப்பால், தகரக்கூரை வெயிலில் மின்னியது. வெறும் புல்வெளியில், குண்டூசி முனையளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி தென்பட்டது. வெகு தூரத்தில் இருந்ததால் முதலில் அது நிற்பதுபோல இருந்தது.

அது நகர்ந்துகொண்டிருந்தது.