இங்கெபோர் பாடாத சுரம்

செவ்வாய், காலை 10.25.

அஜந்தினி தன் கைத்தொலைபேசியால் மூன்றாம் மாடி வீட்டின் பூட்டைத் திறந்தாள். டென்மார்க்கின் ஒடென்சே நகரில் வீட்டுப் பராமரிப்பு வேலை பார்ப்பவள் அவள். அன்றைக்கு அந்த வீட்டுக்கு இது இரண்டாவது வருகை. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் பூட்டு நேரத்தைப் பதிந்துகொள்ளும்.

"இங்கெபோர்?"

இங்கெபோர் யன்னலோரச் சாய்கதிரையில் இருந்தார். எண்பத்தொரு வயது. ஒரு காலத்தில் டென்மார்க் முழுக்கப் பேர் பெற்ற சொப்ரானோ. ஒபராவில் பெண்குரல்களில் மிக உயர்ந்த குரல் அது. இப்போது தலை ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. பச்சைக் குஷன் ஒன்று காலடியில் விழுந்திருந்தது. கை குளிரத் தொடங்கியிருந்தது.

அஜந்தினி அவசர உதவி எண் 112ஐ அழைத்தாள். அழைப்புப் பதிவான நேரம் 10.37.

இடையில் இருந்த பன்னிரண்டு நிமிடங்கள்தான் பொலிஸாரின் கண்ணில் முதலில் பட்டன.

முற்பகல் 11.30.

விசாரணையாளர் சாரங்கி ஈரக் கோட்டைக் கழற்றாமலே அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஹொல்ஸ்டெப்ரோ நகரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். முப்பத்துநான்கு வயது. அதிகம் பேசமாட்டாள்.

பியானோ மூடியிருந்தது. கறுத்த மூடியின் மேல் வெள்ளைப் பஞ்சு நூல்கள் நாலைந்து. தட்டில் பழைய இசைத்தட்டுகள், அவற்றின் பக்கத்தில் உருண்டையான புது ஸ்பீக்கர். குசினியில் கழுவிக் கவிழ்த்த இரண்டு கோப்பைகள். நாட்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே "வானொலி" என்று பென்சிலால் எழுதியிருந்தது.

கதவின் பதிவு எளிமையாக இருந்தது. 8.05க்கு அஜந்தினி உள்ளே. 8.40க்கு வெளியே. 9.20க்குக் கதவு உள்ளிருந்து திறந்தது. வந்தவள் இங்கெபோரின் பழைய மாணவி கியர்ஸ்டன். 9.45க்கு அவள் வெளியே. பிறகு 10.25க்கு மறுபடி அஜந்தினி.

குஷனால் மூச்சை அடைத்திருக்கிறார்கள் என்றார் மருத்துவர். ஒன்பதரைக்கும் பத்தரைக்கும் இடையில். அதற்குமேல் சொல்ல முடியாது.

சாரங்கியின் மேலதிகாரிக்கு அது போதுமாக இருந்தது.

"பத்து மணிக்கு அவர் பாடியதைக் கீழ் வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு உள்ளே போனது ஒரே ஆள். பன்னிரண்டு நிமிடம் என்ன செய்தாள் என்று கேட்டால் அழுகிறாள். வேறு என்ன வேண்டும்?"

மதியம் 12.15.

கீழ் வீட்டில் யேசுரட்ணம் இருந்தார். தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்ற ஈழத்தமிழர். சாரங்கியைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"எங்கட பிள்ளையோ! பொலிஸிலயும் வந்திட்டம். இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

"வேண்டாம் அங்கிள். காலமை என்ன கேட்டியள்?"

"என்ன கேட்டனோ? ஏழு வருசமா ஒவ்வொரு நாளும் கேக்கிறதுதான். பத்துமணிக்கு என்ர தேத்தண்ணி, அவவின்ர பாட்டு. கூரை சரியான மெல்லிசு. முப்பது வருசம் மெசினுக்குப் பக்கத்தில நிண்ட காது இது. அதுக்கே கேக்குதெண்டால் பாருங்கோவன்."

"பியானோவும் கேட்டதோ?"

"ஓம், அது இல்லாமலோ? ஆனா பிள்ளை, இண்டைக்கு ஒரு புதினம் நடந்தது." அவர் கதிரையை இழுத்துக் கிட்ட வந்தார். "அந்தப் பாட்டின்ர கடைசியில ஒரு இடம் இருக்கு. மேல, மேல எண்டு ஏறுவா. பிறகு டக்கெண்டு வாயை மூடிப்போடுவா. பியானோவில ஒரு கட்டையைத் தட்டுவா. டிங். அவ்வளவுதான். ஏழு வருசமும் அப்பிடித்தான். இண்டைக்கு அந்த இடத்தில பாடினா! என்ன குரல்! நான் எழும்பி நிண்டு கை தட்டினனான். பாவம், கடைசிநாள் எண்டு தெரிஞ்சிருக்குமோ?"

"வயசுபோனதால அந்த உயரத்துக்குப் போகேலாமல் இருந்திருக்கும், என்ன?"

"சீச்சீ. பாட்டுக்கு முதல் ஆ, ஈ எண்டு குரல் பழக்குவா. அதில அந்த உயரத்துக்கு வடிவாப் போவா. நூல் மாதிரி மெல்லிசா. பாட்டில மட்டும்தான் விடுவா. எனக்கும் அது விளங்கினதே இல்லை."

சாரங்கி எழுதுவதை நிறுத்தினாள். பிறகு அதையும் எழுதிக்கொண்டாள்.

பிற்பகல் 2.00.

கியர்ஸ்டனின் பாட்டுப் பாடசாலைக்கு இங்கெபோரின் பெயர்தான். வாசல் சுவரில் பெரிய படம்: முப்பது வயது இங்கெபோர், வாய் திறந்து, கண் மூடி. கியர்ஸ்டனுக்கு ஐம்பத்தாறு. கண்கள் வீங்கியிருந்தன. இருவரும் டெனிஷில் கதைத்தார்கள்.

"அவர் வீட்டுக்கு எப்போது போனீர்கள்?"

"காலையில் தேநீர் குடிக்கப் போனேன். பத்துக்கு இரண்டு நிமிடம் இருக்க வகுப்பில் நின்றேன். பன்னிரண்டு மாணவிகள் சாட்சி."

"அந்தப் படம்?"

"இசைத்தட்டு பதிந்த நாள். பியானோ மட்டும் துணைக்கு. அந்தப் பாட்டின் கடைசிச் சுரத்துக்காகத்தான் இன்றைக்கும் பிள்ளைகள் இங்கே வருகிறார்கள். அது எப்படி வருகிறதென்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன்."

"அவர் வீட்டில் பழகும்போது கேட்டிருக்கிறீர்களா?"

"யாரும் கேட்டதில்லை. பத்துக்கு முன் எல்லோரையும் அனுப்பிவிடுவார். விருந்தாளிக்கு யாராவது சமையலறையைக் காட்டுவார்களா என்று சிரிப்பார்."

"இன்றைக்கு அந்தச் சுரத்தைப் பாடினாராம்."

கியர்ஸ்டன் கைக்குட்டையைக் கண்ணில் வைத்துக்கொண்டாள். "பிறகென்ன? அது அவருடைய சுரம்."

மாலை 4.10.

விசாரணை அறையில் அஜந்தினி வேலைச்சட்டையோடு இருந்தாள். சாரங்கி கதவைச் சாத்திவிட்டுத் தமிழில் தொடங்கினாள்.

"அக்கா, இப்ப சொல்லாட்டி உங்களை உள்ளுக்குப் போடுவினம். வெளியில வந்தாலும் இனி ஒரு வீடும் கதவு திறக்காது. அந்தப் பன்னிரண்டு நிமிசமும் என்ன செய்தனீங்கள்?"

அஜந்தினியின் விரல்கள் வேலைச்சட்டையின் நுனியை மடித்து நேராக்கின.

"ஒதுக்கினனான்," என்றாள் அஜந்தினி.

"என்னத்தை?"

"வீட்டை. ஆக்கள் வரப்போயினம். அம்புலன்ஸ், டொக்ரர், பொலிஸ். வீடு அப்பிடிக் கிடந்தா, பராமரிக்க வந்தவள் என்ன செய்தவளெண்டு என்னைத்தானே கேப்பினம்? கை தன்ர பாட்டில செய்துது. கோப்பையளைக் கழுவினன். ஐயோ, சொன்னா ஆர் நம்புவினம்?"

"நான் நம்புவன். எங்கட அப்பாவுக்கு நெஞ்சுநோ வந்த அண்டைக்கு, அம்மா அம்புலன்ஸ் வரமுதல் விறாந்தையைக் கூட்டினவ. அப்பா நிலத்தில கிடந்துகொண்டு, 'அந்த மூலையை விட்டிட்டாய்' எண்டவர்."

அஜந்தினி அழுதுகொண்டே சிரித்தாள்.

"வேற என்ன ஒதுக்கினியள்? ஒண்டையும் விடாமல் சொல்லுங்கோ."

"துவாயள். காலமை மெசினால சூடா எடுத்து மடிச்சு பியானோவுக்கு மேல அடுக்கினனான். எட்டுத் துவாய், ரெண்டு படுக்கை விரிப்பு. அங்க வைக்கக் கூடாது. அவ ஏசுவா. எனக்கு அந்த மூடிதான் வசதி. பாட வரேக்க எல்லாத்தையும் தூக்கிக் கதிரையில எறிவா. ஒவ்வொரு நாளும் இதுதான் எங்கட சண்டை."

"பத்து இருபத்தைஞ்சுக்குத் துவாய் எங்க இருந்தது?"

"பியானோவில."

"அடுக்கு குலையாமலோ?"

"நான் வைச்சபடி. நான்தான் எடுத்து அலுமாரிக்குள்ள வைச்சனான்."

சாரங்கி பேனாவைக் கீழே வைத்தாள்.

"அந்த உருண்டை ஸ்பீக்கர்?"

"கியர்ஸ்டன் குடுத்தது. இவவுக்கு அதைப் போடத் தெரியாது. கியர்ஸ்டன்தான் தன்ர போனால போடுவா. பிறந்தநாளுக்குப் பாடசாலையில இருந்துகொண்டே பாட்டுப் போட்டவ. இவ பயந்து என்ர கையைப் பிடிச்சிட்டா."

புதன், காலை 10.00.

சாரங்கி இறந்தவரின் வீட்டில் தனியாக நின்று, அந்தப் பழைய இசைத்தட்டைச் சுழலவிட்டாள். பாட்டு முடிந்து அரை நிமிடம் ஆகவில்லை. படியேறி மூச்சு வாங்க வந்து நின்றார் யேசுரட்ணம்.

"பிள்ளை! இது... நேற்றுக் கேட்டது இதுதான்! அந்த இழுவை, அந்த முடிவு, எல்லாம்." முகம் மெல்ல வெளிறியது. "அப்ப நான் கை தட்டினது ஆருக்கு?"

பிற்பகல் 1.00.

பாடசாலையில் வகுப்பு இல்லை. சாரங்கி கியர்ஸ்டனின் முன் உட்கார்ந்தாள். வாசலில் இரண்டு பொலிஸார்.

"இங்கெபோர் ஒன்பதே முக்காலுக்கு முன்பே இறந்துவிட்டார். அப்போது அவரோடு இருந்தவர் நீங்கள்."

"பத்து மணிக்கு அவர் பாடினார்."

"பியானோவின் மூடிமேல் எட்டுத் துவாயும் இரண்டு விரிப்பும் இருந்தன. காலையில் வைத்த அடுக்கு பத்து இருபத்தைந்துக்கும் குலையவில்லை. மூடியைத் திறக்காமல் யாரும் பியானோ வாசிக்க முடியாது. ஆனால் கீழ் வீட்டுக்காரர் பியானோவும் கேட்டார்."

"அந்தப் பராமரிப்புப் பெண் பொய் சொல்கிறாள்."

"மூடியில் துவாய்ப் பஞ்சு இருந்தது. சரி, துவாயை விடுங்கள். ஏழு வருடமாக இங்கெபோர் அந்தக் கடைசிச் சுரத்தைப் பாடியதே இல்லை. அந்த இடம் வந்ததும் நிறுத்தி, பியானோவை மட்டும் தட்டுவார். வீட்டில் அவர் பழகுவதை நீங்கள் கேட்டதில்லை, அதனால் இது உங்களுக்குத் தெரியாது. கொலை செய்துவிட்டு வந்தீர்கள். பத்து மணிக்கு இங்கே மாணவிகளுக்கு முன்னால் நின்று, தொலைபேசியால் அங்கே ஸ்பீக்கரைப் போட்டீர்கள். அந்த இசைத்தட்டின் பாட்டு, அவர் ஒருநாளும் பாடாததைப் பாடிவிட்டது. ஸ்பீக்கருக்கான உங்கள் கணக்கின் பதிவு இன்று காலை கிடைத்தது. நேரம் பத்து."

கியர்ஸ்டன் மேசையில் இருந்த தன் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"பயிற்சியில் அந்த உயரத்துக்குப் போனவர் பாட்டில் மட்டும் ஏன் விட்டார்?" என்று சாரங்கி தாழ்ந்த குரலில் கேட்டாள். "அது அவருடையது இல்லை. அப்படித்தானே?"

கியர்ஸ்டன் குனிந்தபடியே பேசினாள்.

"பதிவு நாளில் அவருக்குத் தொண்டை கட்டியிருந்ததாம். கோரஸ் பாடகர் குழுவில் இருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டு அந்த ஒரு சுரத்தை மட்டும் பாடவைத்து ஒட்டினார்களாம். ஞாயிற்றுக்கிழமை வானொலியில் சொல்லப்போவதாக நேற்றுச் சொன்னார். தேநீரில் சீனி போடச் சொல்வது மாதிரிச் சொன்னார். முப்பது வருடம், சாரங்கி. எத்தனை பிள்ளைகளின் தொண்டையை அந்தச் சுரத்துக்காக வருத்தியிருக்கிறேன். எத்தனை பேரை, உனக்கு வராது என்று அழவைத்து அனுப்பியிருக்கிறேன். சொல்லவேண்டாம் என்று கெஞ்சினேன். சிரித்தார். அந்தச் சிரிப்பை நிறுத்தத்தான் குஷனை எடுத்தேன்."

"அஜந்தினி மாட்டிக்கொள்வாள் என்று உங்களுக்குத் தெரியும்."

"யாரோ ஒரு பெண் என்று நினைத்தேன்."

"கோரஸில் பாடிய பெண்ணின் பெயர் என்ன?"

கியர்ஸ்டன் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "சொன்னார்."

"என்ன பெயர்?"

"அது வெளியே வரக்கூடாது என்றுதானே இவ்வளவும் செய்தேன்? உங்களிடம் தருவேனா?"

அவள் அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகு நீதிமன்றத்திலும் சொல்லவில்லை. பழைய பதிவு நிலையத்தின் தாள்கள் எப்போதோ எறியப்பட்டிருந்தன.

அன்று மாலையே அஜந்தினியை விட்டுவிட்டார்கள். சாரங்கி காரில் கூட்டிக்கொண்டுபோய் வீட்டு வாசலில் இறக்கினாள்.

அடுத்த திங்கள் காலை 6.50க்குச் சாரங்கியின் தொலைபேசி அடித்தது.

"தங்கச்சி, நான் அஜந்தினி. வேலைக்குக் கூப்பிட்டிட்டினம். எனக்கு ஒன்பது வீடு. இண்டைக்கு லிஸ்ட் வந்திருக்கு."

"நல்ல விசயமெல்லோ அக்கா."

"ஆறு வீட்டில வேற ஆளை அனுப்பச் சொல்லிச்சினமாம். குற்றம் இல்லையெண்டு தெரியுமாம். ஆனாலும் வேற ஆள் வந்தா நல்லமாம்."

தொலைபேசியில் மழையும் காற்றும் கேட்டன. அஜந்தினி வெளியில் நிற்கிறாள் போலிருந்தது.

"சரி, வைக்கிறன்," என்றாள் அவள். "மூண்டு வீடு இருக்கு. ஏழு மணிக்கு முதலாவது."

சைக்கிள் பூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அழைப்பு நின்றது.