பதினான்காம் எண் பூட்டு

காலை எட்டு மணிக்கு அவள் குப்பைக் கிடங்கின் இரும்புக் கதவைத் தாண்டினாள். ஒரு கையில் சாப்பாட்டு டப்பா, இன்னொரு கையில் பயிற்சி ஏடு. பன்னிரண்டு கையெழுத்தில் பதினொன்று வாங்கியாகிவிட்டது. கடைசி ஒன்றுக்கு, பழைய அட்டைகளை அமுக்கிக் கட்டும் இயந்திரத்தில் அடைப்பெடுத்து, தானே ஓட்டிக் காட்ட வேண்டும். அது கிடைத்தால் அவள் டெக்னீஷியன். கிடைக்காவிட்டால், முப்பத்தெட்டு வயதில் பழையபடி வீடு வீடாகத் துணி துவைக்கப் போக வேண்டியதுதான். மகளின் படிப்பும் அதோடு நின்றுவிடும்.

கையெழுத்துப் போட வேண்டிய ஃபிட்டர் அவளைவிட ஆறு வயது இளையவன். கிடங்கில் அவன் பெயர் 'கிரீஸ்'. அவன் சட்டையைப் பிழிந்தால் நாலு சைக்கிளுக்கு எண்ணெய் போடலாம்.

உள்ளே ஈர அட்டையும் புளித்த பாலும் கலந்து குடலைப் பிடுங்கும் நாற்றம். பழகிவிடும் என்றார்கள். பழகத்தான் செய்தது, வீடு வரைக்கும் கூடவே வந்தது.

இயந்திரத்துக்குள் இறங்குகிறவர் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டை மாட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பூட்டு தொங்கினால் ஆள் உள்ளே என்று அர்த்தம். மாட்டியவரே வந்து திறக்க வேண்டும். மறுபடி ஓட்டும் முன், மூன்று தடவை உள்ளே பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். ஆளுக்கொரு எண். அவளுடையது பதினைந்து. பதினான்கு யாரிடமும் இல்லை.

பத்து மணிக்கு இயந்திரம் அடைத்துக்கொண்டது. பூட்டோடு சுவிட்சருகே போனவள் நின்றுவிட்டாள்.

அங்கே ஏற்கெனவே ஒரு பூட்டு தொங்கியது.

எண் பதினான்கு.

"தம்பி, உள்ள யாரு இருக்கா?"

கிரீஸ் வந்து பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் சுவரில் மாட்டியிருந்த, பூட்டு வெட்டும் கட்டரை அவன் எடுத்த விதத்தில் பழக்கம் தெரிந்தது. வெட்டிய பூட்டை மேஜைக்கடியில் இருந்த வாளியில் போட்டான். வாளியில் பாதிக்கு மேல் வெட்டிய பூட்டுகள். அத்தனையும் பதினான்கு.

"உங்களுக்கு முன்னாடி பயிற்சிக்கு வந்தவனோட பூட்டுக்கா," என்றான். "பூட்டை மறந்துட்டு வீட்டுக்குப் போயிட்டான்னு நெனச்சேன். இங்க எல்லாரும் செய்யிறதுதானே? வெட்டிட்டு ஓட்டிட்டேன்."

"கூப்பிட்டுப் பாக்கலையா?"

"ரெண்டு தடவை கூப்பிட்டேன்." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மூணாவது தடவை கூப்பிடல."

இருந்தாலும் அவள் தன் பூட்டை மாட்டிவிட்டு இறங்கினாள்.

உள்ளே பகலிலும் இருட்டு. டார்ச் வெளிச்சத்தில் அமுக்குத் தகடு ஈரமாக மின்னியது. சிக்கியிருந்த கம்பியை இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள்.

யாரோ கூடச் சேர்ந்து இழுத்தார்கள்.

கம்பி வந்துவிட்டது.

காதோரம் சூடாக மூச்சு. பிறகு, கெஞ்சுகிற மாதிரி ஒரு குரல்.

"என் பூட்டு தொங்குதா?"

எப்படி ஏறி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கை நடுங்க, தன் பூட்டைத் திறந்து பையில் போட்டாள். குனிந்து குரல் கொடுத்தாள்.

"உள்ள ஆள் இருக்கா?"

பதில் இல்லை.

"உள்ள ஆள் இருக்கா?"

பதில் இல்லை. மூன்றாவது தடவைக்கு வாயைத் திறந்தபோது கிரீஸ் அவள் தோளைப் பிடித்தான்.

"போதும்க்கா. பட்டனை அமுக்குங்க."

"இன்னும் ஒரு தடவை…"

"அந்தத் தடவைக்குப் பதில் வரும்." அவன் குரல் தாழ்ந்தது. "பதில் வந்தா ஓட்டக் கூடாதுன்னு சட்டம். அப்புறம் இது என்னைக்குமே ஓடாது. உங்களுக்குக் கையெழுத்து வேணுமா, வேணாமா?"

கம்பியைச் சேர்ந்து இழுத்த அந்தக் கை அவள் நினைவுக்கு வந்தது. மகளும் நினைவுக்கு வந்தாள். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அமுக்கினாள்.

தகடு நகர்ந்தது. அட்டை நொறுங்கும் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தமும் இருந்தது. கிரீஸ் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான், தலை நிமிரவில்லை.

மறுநாள் காலை டெக்னீஷியனாக வந்தாள். சுவிட்சில் மறுபடி ஒரு பூட்டு. எதிர்பார்த்ததுதான். யாரையும் கூப்பிடாமல் தானே கட்டரை எடுத்தாள். கை நடுங்கவில்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. வெட்டினாள். வாளியில் போடும்போது தற்செயலாக எண்ணைப் பார்த்தாள்.

பதினைந்து.

சட்டைப் பையைத் தொட்டாள். அவளுடைய பூட்டு அங்கேயே இருந்தது, சாவியோடு.

இயந்திரத்தின் வாயிலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது. அது அவளுடைய குரல்.

"என் பூட்டு தொங்குதா?"